ஓடி முடித்ததும் பால்

கல்பாக்கத்தில் வேலை, புதுப்பட்டினத்தில் வீடு. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் திடீரென்று உடம்பு ஞாபகம் வந்தது. ஆண்டுக்கொரு முறை மாமல்லபுரம் வரை ஓட்டம் வைத்தார்கள். முதல் ஆண்டு நான் பாதியில் உட்கார்ந்து, பின்னால் வந்த வேனில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து எனக்கு 'வேன் சார்' என்று பெயர். கேண்டீனில் டீ ஆற்றுகிறவர் வரைக்கும் பரவிவிட்டது. அடுத்த ஆண்டு சொந்தக் காலில் போய்ச் சேர்ந்து அந்தப் பெயரை அழித்தே தீருவது என்று வெறி பிடித்தது.

கோச்சாக வாய்த்தவர் அடுத்த மேசைக்காரர். பஸ் பிடிக்கக்கூட ஓடாதவர். இன்டர்நெட்டில் படித்ததைப் பிரின்ட் எடுத்து வந்தார். ஓடி முடித்த அரை மணிக்குள் பால் குடித்தால் களைத்த தசை தேறிவிடுமாம், வியர்வையில் போன நீரும் உப்பும் திரும்பிவிடுமாம். கடையில் விற்கும் கலர் தண்ணியெல்லாம் பாலிடம் பிச்சை வாங்க வேண்டுமாம்.

ஓடிய பிறகு குடித்தாலே இவ்வளவு என்றால் முன்னாலேயே குடித்தால் எவ்வளவு என்று நான் மூளையைக் கசக்கினேன். ஒரு காலை அரை லிட்டர் எருமைப்பாலைக் குடித்துவிட்டு ஓடினேன். இரண்டாவது கிலோமீட்டரில் வயிற்றுக்குள் யாரோ தயிர் கடைந்தார்கள். சவுக்குத் தோப்புக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று.

"முடிச்சப்புறம்னு தெளிவா போட்டிருக்கு சார். படிக்கத் தெரியாதா?" என்றார் கோச்.

ஓட்ட நாளன்று அவர் பிளாஸ்க்கில் பாலோடு எல்லைக்கோட்டருகே நின்றார். கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. ரோட்டோரம் மல்லாந்து விழுந்தேன். அவர் ஓடி வந்தார், வாழ்க்கையில் முதல் முறையாக.

"முடிஞ்சுதா சார்?" என்றார். மூச்சு வாங்கியதில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, என் தலையை மடியில் தூக்கி வைத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட ஆரம்பித்தார்.

மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற அம்மாள் குனிந்து பார்த்தாள். "இன்னா சார், பால் ஊத்திக்கினு கீறீங்க? வூட்டுக்குச் சொல்லி அனுப்ச்சீங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் கால் வலி மறந்து போயிற்று. எழுந்து, நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். வேன் காலியாகத்தான் வந்தது, எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் கேண்டீனில் ஒருவர்கூட வேன் சார் என்று கூப்பிடவில்லை. டீக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். "சார், உங்களுக்கு நான் பால் ஊத்தட்டுமா, இல்ல நேத்தே ஊத்திட்டாங்களா?"