மாட்டுக்குப் போட்ட பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று எங்கள் பசுவைக் கொல்லப் பார்த்தது நாங்களேதான். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அதற்கு ஐந்து நாள் முன்னால் கால்நடைக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் தராசோடு வந்தாள். எந்தத் தீனி மாட்டின் உடம்பில் ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். போடுகிற வைக்கோலையும் புல்லையும் நிறுப்பாள். மிச்சத்தை நிறுப்பாள். சாணியையும் விடாமல் நிறுத்து, ஒரு பிடி எடுத்துப் போவாள்.

"இவ்வளவு படிச்சு சாணி அள்ள வந்தியாக்கும்?" என்றேன்.

"உள்ள போனதுல வெளிய வந்ததைக் கழிச்சாத்தான் பாட்டி, உடம்புல நின்னது தெரியும். நான் நிறுத்து வச்சதைத் தவிர எதுவும் போட்டுறாதீங்க."

பெரிதாகத் தலையாட்டினேன்.

எங்கள் தெருவில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு ஒரு கவளம் ஊட்டுவார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் மகனோ ஒரு பானை சர்க்கரைப் பொங்கலையும் இலையில் கொட்டி, அது தின்பதைப் போனில் படம் பிடித்தான். "வருஷத்துல ஒரு நாள்தானேம்மா!"

மறுநாள் காலை பசு எழவில்லை. இடப்பக்க வயிறு உப்பிக் கிடந்தது. சாணி தண்ணீராகப் போய்ப் புளிச்ச வாடை அடித்தது. வழக்கம்போல் நிறுக்க வந்த பெண் குச்சியால் கிளறிப் பார்த்தாள்.

"யாரு சோறு போட்டது?"

"வைக்கல்தான் தின்னுச்சு," என்றான் மகன், கூசாமல்.

"ஏன்டா, வைக்கல்ல முந்திரிப்பருப்பு காய்க்குதா?" என்று கத்தினேன்.

அவள் போன் செய்து டாக்டரை வரவழைத்தாள். அவர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, ஆப்பசோடா கரைத்து ஊற்றினார்.

"மாட்டு வயித்துல வைக்கலைச் செரிக்கிற கிருமிங்க இருக்கு பாட்டி," என்றாள் அவள். "சோறு நிறைய விழுந்தா, பழையது புளிக்கிற மாதிரி உள்ளயே புளிச்சுடும். அதுல அந்தக் கிருமி சாகும், மாடும் விழும். இப்படி விழுந்த மாட்டோட வயித்துத் தண்ணிய எடுத்து சோதிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

எனக்கு அவள்மேலும் பற்றிக்கொண்டு வந்தது. "போடாதேன்னியே, போட்டா சாகும்னு ஏன் சொல்லல? சாணி மேல இருந்த அக்கறை என் மாட்டு மேல இல்லையே உனக்கு!"

அவள் பசுவின் பக்கத்தில் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் பசு எழுந்து நின்றது. சாயங்காலம் மெல்ல அசைபோட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அவள் நோட்டை விரித்து, எழுதியதன் குறுக்கே கோடு இழுக்கப் போனாள்.

"இந்த மாடு இனிமே ஆராய்ச்சியில சேராது பாட்டி."

அவள் கையைப் பிடித்தேன். "எழுதினதை அடிச்சுடாத. சோறு போட்டதையும் மாடு விழுந்ததையும் எழுது. அடுத்த பொங்கலுக்கு முன்னாடி வீடு வீடா வந்து படிச்சுக் காட்டு."

"யாரு போட்டதுன்னு எழுதட்டும்?"

மகன் தலை குனிந்துகொண்டான்.

"வீட்டு ஆளுங்கன்னு எழுது," என்றேன். "நானும்தான் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன்."