எல்லைக்கல் வளைவு

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். திங்கள்கிழமை காலையில் வருகிறவர்களில் பாதிப்பேர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை விழுந்து, தைலம் தேய்த்துப் பார்த்து, விடிந்து வீங்கின பிறகுதான் வருவார்கள். யாரையும் நான் திட்டாமல் அனுப்பியதில்லை. அத்தனை பேருக்கும் புத்தி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே ஒருத்தர் தரையில் உட்கார்ந்து தன் பைக்கின் முன் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் கணவர் மண் தடத்தில் ரேஸ் ஓட்டுகிறவர். இந்திய அளவில் இரண்டு முறை பட்டம் வாங்கியிருக்கிறார். ஆனையூரில் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் மேல் கோப்பை, பீரோ மேல் கோப்பை, அரிசி டிரம் மேலும் ஒன்று. பிழைப்புக்கு வீட்டுக்குக் கீழேயே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

அந்த ரேஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம். முன் பிரேக்கே இல்லாத வண்டிகள், எல்லாம் இடது பக்கமாகவே சுற்றும். வளைவு வந்தால் நாமெல்லாம் பிரேக் பிடிப்போம், இவர்கள் ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். பின்சக்கரம் வெளியே வழுக்கிக்கொண்டு போகும், வண்டி குறுக்காகத் திரும்பிவிடும், இடது காலை மண்ணில் இழுத்துக்கொண்டே அந்தக் கோலத்தில் வளைவைக் கடப்பார்கள். அதற்காக அந்தக் கால் ஷூவின் அடியில் இரும்புத் தகடு இருக்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "லாடம் அடிச்சிருக்கே, மாமா என்ன காளையா குதிரையா?" என்று கேட்டேன். சொந்த அத்தை மகன், கேலி பேச எனக்கு உரிமை உண்டு. முதல் ரேஸைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த ஷூவைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் போய்ப் பார்த்த ரேஸ்களில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். காதை மூட முடியாது. வளைவில் எல்லா என்ஜினும் சேர்ந்து அலறும். நடுவில் ஒரு சத்தம் பட்டென்று நின்றால், நின்றது யாருடையது என்று தெரிகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது. மற்ற பெண்கள் கைதட்டுவார்கள். எனக்குக் கைகளைப் பிரிக்கவே வராது.

ஒரு நாள் வெளியூர் ரேஸில் அந்தச் சத்தம் நின்றது. அவருக்கு முன்னால் போன பையன் வளைவில் விழுந்தான். இவர் அவனைத் தவிர்க்க ஒடித்துத் தானும் விழுந்தார். பின்னால் வந்த வண்டி அந்தப் பையன் முதுகில் ஏறி இறங்கியது. இவருக்குக் காலர் எலும்பும் விலாவும் போயின. அந்தப் பையன் இன்றுவரை எழுந்து நடக்கவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து இவருக்கு எக்ஸ்ரே எடுத்தது நான்தான். வேறு யாரையும் விடவில்லை. "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று தினமும் எத்தனையோ பேருக்குச் சொல்கிறவள், அன்று "விடுங்க" என்று சொல்ல மறந்துபோனேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

எலும்பு கூடிவிட்டது. அதை நான் படத்திலேயே பார்த்தேன். படத்தில் தெரியாதது வேறு ஒன்று இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ரிப்பேர் பார்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் தருவதுதான் அவர் வழக்கம். இப்போது ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும்போது, தெரு முனையில் வண்டியை ஏறக்குறைய நிறுத்தித்தான் திருப்புவார். பின்னால் வருகிற ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போவார். இந்தியா பூராவும் ஜெயித்த ஆள், ஒரு வார்த்தை திருப்பிப் பேசமாட்டார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், முதுகு நனைந்திருக்கும்.

கோயம்புத்தூரில் பட்டத்துக்கான கடைசிச் சுற்று ரேஸ், கட்டாயம் வர வேண்டும் என்று அவருக்குப் போன் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். என்ன சொல்லப்போகிறார் என்று கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டேன். "இல்லண்ணே, ஊர்ல திருவிழா. காப்பு கட்டுறேன். எல்லை தாண்டக் கூடாது" என்றார்.

அவருக்கு ஊர் மேலூர்ப் பக்கம். அம்மன் கோவில் திருவிழாவுக்குக் கையில் மஞ்சள் கயிறு காப்பாகக் கட்டிக்கொண்டவர்கள், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எமனே கூப்பிட்டாலும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேச வேண்டும் என்பார்கள். இவர் பிறந்ததிலிருந்து காப்பு கட்டியவர் அல்ல. கடைசி நாள் கறிச்சோற்றுக்கு மட்டும் சரியாகப் போய் நிற்கிறவர். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தபோது வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். நானும் லீவு போட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காப்பு கட்டினார். அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எம் மகனுக்கு ஆத்தா இப்பத்தான் கண்ணத் தொறந்து விட்டுருக்கா" என்று வீடு வீடாகச் சொன்னார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பட்டத்தையே வேண்டாம் என்று விட்டுவிட்டு ஆத்தாளுக்குக் காப்பு கட்டிய அண்ணன் என்று ஊர் இளவட்டங்கள் ரீல்ஸ் போட்டார்கள். கொட்டுச் சத்தம், அவர் மஞ்சள் வேட்டியில் நடக்கிறது, பழைய ரேஸில் வண்டி பறக்கிறது. மேலூர் முழுக்க அதைப் பார்த்தது.

மறுநாள் அந்த இளவட்டங்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் சொந்தமாக ஜேசிபி வைத்திருக்கிற ஒருவர்தான் பேசினார். "அண்ணே, நீங்க எல்லையத் தாண்டக் கூடாது, அம்புட்டுத்தான? நாங்க ரேஸ எல்லைக்குள்ள கொண்டாந்துருறோம். ஞாயித்துக்கெழம கண்மாய்க்குள்ள ரேஸு. பர்மிஷனெல்லாம் வாங்கியாச்சு. திண்டுக்கல்லுல இருந்து வாராங்க, வில்லாபுரத்துல இருந்து வாராங்க. நம்ம ஊருக்காரவுக ஒங்கள டிவியிலதான் பாத்துருக்காக."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சரிப்பா" என்றார். வேறென்ன சொல்ல முடியும்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கண்மாய்க்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் ஜேசிபி விட்டு நிரவித் தடம் போட்டிருந்தார்கள். வேலை சுத்தம்தான். ஆனால் மேற்குக் கோடியில் தடம் சட்டென்று ஒடிந்து திரும்பியது. ஏன் இப்படி என்று கேட்டேன். ஜேசிபிக்காரர் பெருமையாகக் கையை நீட்டினார். அங்கே எல்லைக்கல் நின்றது. இடுப்பு உயரக் கருங்கல், பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது.

"வளைவ அகலமாப் போட்டா அண்ணே எல்லையத் தாண்டிருவாக மதினி. அதான் கல்லுக்கு இங்கிட்டே ஒடிச்சுவிட்டோம். தெய்வ குத்தம் வந்துறக் கூடாதுல்ல."

பக்கத்தில் குவாரி டேங்கர் நின்று தடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. புழுதி அடங்குவதற்காம். கண்மாய் வண்டல் நனைந்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. ஒரு பக்கம் வழுக்குகிற மண், மறு பக்கம் கருங்கல். நான் தலையை எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன், கழுத்தை எடுத்திருக்கிறேன். அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் படங்களாகவே வந்தன.

"எலும்பு இன்னும் சரியாக் கூடல. நான்தான் படம் எடுத்தேன்" என்று பொய் சொன்னேன்.

"காப்பு கட்டுன ஆளுக்கு என்ன மதினி ஆகும்? ஆத்தா பாத்துக்குவா" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் முகத்திலும் கள்ளம் இல்லை. அவர்களைத் திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கொல்லைப்புறத்தில், இளவட்டங்கள் மதுரையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த ரேஸ் பைக்குக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். செயின் லாக் கீழே விழுந்தது. எடுத்து மாட்டினார், மறுபடியும் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, வேணாம்னு சொல்லிருங்க."

"என்னன்னு சொல்ல?"

"பயமா இருக்குன்னு சொல்லுங்க. பயப்படுறது ஒண்ணும் குத்தமில்ல."

"யாருகிட்ட? இவங்ககிட்டயா?" அவர் செயினைக் கீழே வைத்தார். "வளைவு வந்தாலே அவன் முதுகு தெரியுது புள்ள. தெரு முக்குல தெரியுது. ஸ்கூட்டர்ல தெரியுது. ஆத்தாள வச்சுத் தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன். ஆத்தா வீட்டு வாசலுக்கே கொண்டாந்துட்டா."

அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுகிறவரைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்றால், செயின் லாக்கை எடுத்து மாட்டிவிட்டேன். மெக்கானிக் பெண்டாட்டிக்கு அது தெரியாதா. பிறகு ஏன் மாட்டினோம் என்று என்னையே வைதுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரை முழுக்கத் தலைகள். ஐஸ் வண்டி, பஜ்ஜிக் கடை, மைக் செட். அத்தை முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். காப்புக் கயிற்றின் மேலேயே கிளவுசை இழுத்து மாட்டிக்கொண்டு அவர் வண்டியில் ஏறினார். ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னைத் தேடவில்லை. கல்லைத்தான் பார்த்தார். அன்று நான் கண்ணை மூடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஏதாவது ஆனால், பார்த்தவளாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கொடி இறங்கியது. முதல் சுற்றில் எல்லாரும் அந்த வளைவுக்கு முறுக்கிக்கொண்டு போனார்கள், அவர் மட்டும் ஆக்சிலேட்டரைத் தளர்த்தினார். வண்டி நிமிர்ந்து, தவழ்கிற மாதிரி கல்லுக்கு இந்தப் பக்கமாக வளைவைக் கடந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாம் சுற்றிலும் அப்படித்தான். கூட்டத்தில் ஒருத்தர், "என்னப்பா, நம்மாளு கடைசியில வாரான்?" என்றார். இப்படியே வாருங்கள் மாமா, கடைசியிலேயே வாருங்கள், கேவலமாகத் தோற்று வாருங்கள் என்று நான் ஆத்தாளைக் கும்பிட்டேன். அந்தத் திருவிழாவில் என்னைவிட உருக்கமாக யாரும் கும்பிட்டிருக்க முடியாது.

அடுத்த சுற்றில் அவருக்கு நேர் முன்னால் போன திண்டுக்கல்காரர் வளைவில் வழுக்கினார். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆள் குப்புற விழுந்தார். முதுகு மேலே தெரிந்தது. கரையில் எல்லாரும் எழுந்துவிட்டதால் எனக்குத் தடம் மறைந்தது. ஒரு என்ஜின் நின்றது. எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்களைப் பிடித்துத் தள்ளினேன், யாரையோ அடித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

தள்ளிக்கொண்டு முன்னால் வந்தபோது அவர் வண்டி குறுக்காகக் கிடந்தது. விழுந்துதான் கிடக்கிறது என்று நினைத்தேன். அது நகர்ந்துகொண்டிருந்தது. விழுந்தவருக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த சந்தில், பின்சக்கரம் சேற்றை வாரி இறைக்க, இடது கால் மண்ணைக் கிழிக்க, அவர் முழு முறுக்கில் போனார். கல்லில் கிடந்த மாலை காற்றில் எழும்பி விழுந்தது. திண்டுக்கல்காரர் தானே எழுந்து வண்டியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார், நின்றது அவர் என்ஜின்தான். அதற்கடுத்த சுற்றிலும் இவர் அந்த வளைவுக்கு வந்தார். ஆக்சிலேட்டரைத் தளர்த்தவில்லை. அதற்கடுத்ததிலும் தளர்த்தவில்லை. ஒவ்வொரு முறையும் கல்லுக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாகப் போனார். கூட்டம் வெறி பிடித்த மாதிரி கத்தியது, அத்தை குலவை போட்டார்.

ஜெயித்தது வில்லாபுரத்துக்காரர். இவர் இரண்டாவதாக வந்தார். கோப்பை வாங்கக்கூடப் போகாமல் வண்டியை நேரே என் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"போயிருச்சு புள்ள" என்றார்.

"என்னது?"

"பயம். விழுந்து கெடந்தவரத் தாண்டுனேன் பாரு, அதோட போயிருச்சு. இப்ப எதுவுமே தெரியல. சுத்தமாத் தெரியல." தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதிப் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அடுத்த மாசம் கோயம்புத்தூர்லயே இன்னொன்னு இருக்கு. போகணும்" என்றார். நான் கல்யாணம் செய்துகொண்ட முகம் அது. ஏழெட்டு மாதமாக அதை நான் பார்க்கவில்லை.

அந்த ஏழெட்டு மாதம்தான், சாயங்காலம் அவர் முழு உடம்போடு சாப்பிட வருவார் என்று நம்பி நான் சோறு வடித்தேன். தெரு முனையில் வண்டியை நிறுத்தித் திருப்புகிற ஆளோடு நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்பதை, இவ்வளவு சந்தோஷமாக நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? இளவட்டங்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். மேலே போனவர் குனிந்து, "என்ன புள்ள, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?" என்று கேட்டார்.

"நல்லது மாமா" என்றேன்.