விசேஷக் குறிப்பு: இல்லை

அந்த நகராட்சியில் தெருவிளக்கு என்றால் ஏணி, ஏணி என்றால் தெருவிளக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்து, தோளில் மூங்கில் ஏணியோடு இருபத்தேழு வருஷம் ஊரைச் சுற்றிய ஆளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? தெருவில் அண்ணாந்தே நடப்பார். எதிரே வருகிறவர் மேல் மோதிவிட்டு, "ஏழாம் நம்பர் மினுக்குது, கவனிச்சீங்களா?" என்று அவரிடமே கேட்பார். "கல்யாணத்தன்னிக்கு என் மூஞ்சிய எங்க பாத்தாரு? மண்டபத்துல எத்தன பல்பு எரியலன்னு எண்ணிக்கிட்டிருந்தாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். கம்பத்தில் ஏறுமுன் அந்தத் தெருப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெட்டி மேல் வைத்தால் எவனாவது புண்ணியவான் எடுத்துச் சொருகிவிடுவான். பையில் இருந்தால் உயிர் நம் பையில் இருக்கிறது. மனைவியின் தம்பி ஆறு வருஷம் தினக்கூலியாக அவரிடம் வேலை பார்த்தபோது இதைத்தான் தினமும் ஓதினார். மச்சினனும் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

இப்படி இருக்கையில்தான் நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. தெருவிளக்குகளைப் பராமரிப்பது, பழையதைக் கழற்றிப் புதிய எல்இடி மாட்டுவது, எல்லாம் இனிமேல் ஒரு கம்பெனிக்குக் குத்தகை. ஏணிக்கு அலுவலகத்தில் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, புகார் எழுத ஒரு நோட்டு. தினக்கூலிகளுக்கு அதுவும் இல்லை. மச்சினன் என்ன செய்வான், வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? கம்பெனியில் சேர்ந்துவிட்டான். "என் கையில தொழில் கத்துக்கிட்டு எனக்கே எதிரா நிக்கறான்" என்று ஏணி அவனோடு பேச்சை நிறுத்தினார். எதிராவது புதிராவது, அவன் நின்றது தன் பிள்ளைகளுக்காக. கோபத்தில் இருக்கிற மனுஷனிடம் அதை யார் சொல்வது?

ஒப்படைக்கும்போது நகராட்சிப் பொறியாளர் அம்மா ஒரு பட்டியலைக் கொடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, 'விசேஷக் குறிப்பு' என்று ஒரு கட்டம். "கம்பெனிக்காரங்களுக்கு இதுதாங்க வேதம். உங்களுக்குத் தெரிஞ்சத எல்லாம் எழுதிக் குடுத்திருங்க" என்றாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், அவரை ஒருமுறைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. ஏணி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு கட்டத்திலும் 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நூற்றுப் பதினேழாம் கம்பத்திலும் 'இல்லை' என்றுதான் எழுதினார். அங்கேதான் வினை.

மாவு மில் முக்கில் நிற்கிற கம்பம் அது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் குழாய்க்குத் தோண்டியவர்கள் பூமிக்கடியில் போன கேபிளை வெட்டிவிட்டுப் போனார்கள். முக்கு இருண்டது. ஏணி மூன்று தடவை கேபிள் கேட்டு எழுதினார். மூன்று தடவையும் 'கையிருப்பில் இல்லை' என்று பதில். நாற்பதாம் நாள் ஒரு கர்ப்பிணி அந்த முக்கில் தடுக்கி விழுந்தாள். தெருவே திரண்டு வந்து இவரைத்தான் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை மில் சுவரை ஒட்டி, மரக்கிளைக்குள் மறைத்து, பின்தெருவின் கடைசிக் கம்பத்திலிருந்து ஒரு வயரை இழுத்து மாட்டிவிட்டார். விளக்கு எரிந்தது, ஊர் வாயை மூடியது. அன்றிலிருந்து அந்தக் கம்பம் நிற்பது ஒரு தெருவில், அதற்குக் கரண்டு வருவது இன்னொரு தெருவிலிருந்து. அதில் மச்சினனை ஏற விட்டதில்லை. இரண்டு தெரு ஃபியூஸையும் பையில் போட்டுக்கொண்டு தானே ஏறிவிடுவார். அவர் கணக்கில் அது குற்றமில்லை, சாமர்த்தியம். அப்படிப்பட்ட சாமர்த்தியம் அது ஒன்றுதானா என்று அப்போது யாரும் அவரைக் கேட்கவில்லை.

எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதினால் 'யார் உத்தரவில் இழுத்தாய்?' என்று மெமோ வரும். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது வருகிற மெமோ லேசில் விடாது. இவரும் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அவர்கள் ஏறப்போவது பகலில். பகலில் எந்தத் தெருவில் விளக்கு எரிகிறது? சுவிட்சே போடாத வயரில் கரண்டு எங்கிருந்து வரும்? நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி வேலையைத் தொடங்கியது. அலுவலகச் சுவரில் அட்டவணை தொங்கியது. திங்கள் ஒன்று முதல் நாற்பது. வியாழன் நூற்றொன்று முதல் நூற்றிருபது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஏணி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எடுத்தால், எவரோ பாட்டுப் பெட்டிச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வார். செவ்வாய்க்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு பொறியாளர் அம்மாவின் அறை வாசலில் போய் நின்றார்.

"என்னங்க?" என்றாள்.

"மேடம்... உங்க ஃபேன் சத்தம் போடுது."

போடவில்லை. இருந்தாலும் ஸ்டூல் போட்டு ஏறி, நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றி மாட்டிவிட்டு இறங்கினார். அதற்குப்பிறகுதான் அது சத்தம் போட ஆரம்பித்தது.

புதன்கிழமை சாப்பிடும்போது மனைவி, "நாளைக்குத் தம்பிக்கு மில் முக்குலதான் வேலையாம்" என்றாள். ஏணி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூணு நாளா இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க? அவனோட பேசித் தொலைங்களேன். சின்னப் பையன்தானே, ரெண்டு வார்த்த பேசினா உங்க கிரீடமா எறங்கிரும்?"

பேசியிருந்தால் இரண்டே வார்த்தையில் முடிந்திருக்கும். வீம்பு விடவில்லை. அவர் எழுந்துபோய்க் கை கழுவினார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தவர் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார். அலுவலகத்தை ஒட்டிப் போவதுதான் அந்தப் பின்தெரு. பளீர் வெயிலில் அந்தத் தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புத்தம்புது விளக்குகள், ஒன்று பாக்கியில்லாமல்.

"என்னப்பா இது, பட்டப்பகல்ல?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"நேத்து மாட்டினாங்கல்ல, ஒரு நாள் முழுக்க எரியவிட்டுப் பாப்பாங்களாம். கம்பெனி ரூலாம்."

நூற்றுப் பதினேழில் இப்போது கரண்டு ஓடுகிறது. அதன் பல்பு போன மாதமே செத்துப்போயிற்று, எரிந்து காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. ஐயோ, அவன் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு தைரியமாக ஏறுவானே! தான் ஓதிய பாடமே அவனைக் கொல்லப்போகிறதே!

பின்தெருப் பெட்டிக்கு ஓடினார். இருபத்தேழு வருஷமாக அரைஞாணில் தொங்கிய சாவியை நுழைத்தார். நுழையவே இல்லை. கம்பெனிக்காரன் பூட்டு மாற்றியிருந்தான். பெட்டியைக் கையால் குத்தினார், காலால் உதைத்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. அங்கிருந்து மில் சந்து வழியாக ஓடினார். ஐம்பத்தெட்டு வயது, ஒரு செருப்பு எங்கோ கழன்று போயிற்று, திரும்பிப் பார்க்க நேரமில்லை. கடவுளே, அஞ்சு நிமிஷம் கொடு, அஞ்சே நிமிஷம்!

முக்கில் கூடை வைத்த லாரி நின்றது. கூடைக்குள், கம்பத்தின் உச்சியில், மச்சினன். திருகாணி பிடிபடவில்லை என்று வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவிக்கொண்டிருந்தான்.

"தொடாதடா! கைய எடு!"

தெருவே திரும்பியது. பொறியாளர் அம்மாவும் அங்கே நின்றிருந்தாள், பட்டியலோடு. மச்சினன் குனிந்து பார்த்தான். முகம் இறுகிவிட்டது.

"மூணு வாரமா என் மூஞ்சியப் பாக்கல. இப்ப நாலு பேர் முன்னாடி மிரட்ட வந்துட்டீங்களா மாமா? ஃபியூஸ் என் பையிலதான் இருக்கு. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்." சட்டைப்பையைத் தட்டிக்காட்டினான்.

"அது இந்தத் தெரு ஃபியூஸ்டா! இந்தக் கம்பத்துக்குக் கரண்டு பின்தெருலேர்ந்து வருது!"

கம்பெனி மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார். "பெரியவரே, வேலையக் கெடுக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

பொறியாளர் அம்மா பட்டியலைப் புரட்டினாள். "நூத்திப் பதினேழு... 'இல்லை'ன்னுதானே எழுதியிருக்கீங்க? உங்க கையெழுத்துதானே இது?"

"பொய் மேடம்." ஏணிக்கு மூச்சு வாங்கியது. "நான் எழுதின பொய். அந்த வயர இழுத்தது நான்தான். டேய், உன் அக்கா மேல ஆணையாச் சொல்றேன், டெஸ்ட் பல்ப வச்சுப் பாருடா. கையால மட்டும் தொட்டுராத."

மச்சினன் கையுறையை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து டெஸ்ட் பல்பை எடுத்து, அதன் இரண்டு வயர் நுனியையும் இணைப்பில் வைத்தான்.

வெயிலிலும் கண் கூசும்படி எரிந்தது.

பின்தெரு சுவிட்சை அணைக்க ஒருவன் ஓடினான். கூடை மெதுவாக இறங்கியது. மச்சினன் இறங்கி லாரிப் படியைப் பிடித்துக்கொண்டான். பொறியாளர் அம்மா திட்டவில்லை, கத்தவில்லை. பட்டியலை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது ஒண்ணுதானாங்க?"

எந்நேரமும் அண்ணாந்தே பார்த்த மனுஷன் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார். மெமோவா, சஸ்பெண்டா, பதினான்கு மாதமும் போகுமா, எதுவும் இப்போது பெரிதாகத் தெரியவில்லை.

"பேனா இருக்கா மேடம்?"

லாரிப் படியில் உட்கார்ந்தார். பட்டியலை மடியில் வைத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேனாவை வாங்கிக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க. நான் எழுதறேன்."

"ஒம்பது. கரண்டு கோடித்தெருலேர்ந்து வருது."

'இல்லை'யை அடித்துவிட்டு எழுதினான்.

"முப்பத்தொண்ணு. பள்ளிக்கூடத் தெரு."

பேனா நின்றது.

"முப்பத்தொண்ணா?" மச்சினன் தலையைத் தூக்கவில்லை. "அதுல திங்கக்கிழம நான் ஏறினேன் மாமா. வெறுங்கையோட."

ஏணி அவன் தோளைப் பிடித்தார். மச்சினன் அந்த 'இல்லை'யையும் அடித்து எழுதிவிட்டு, "அடுத்ததச் சொல்லுங்க" என்றான்.