பினாங்கில் நின்ற கப்பலும் மாரியம்மன் மீட்டுத் தந்த என் மகனும்

என் மகன் முருகேசன் வேலைக்குப் போன கப்பல் பினாங்குக்கு வெளியே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது என்று கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சூயஸ் கால்வாயை மூடித் திறந்தார்களே, அதற்கு மறு வருஷம் ஐப்பசி மாதம். கம்பெனி கைவிரித்துவிட்டது. கப்பலில் எண்ணெய் இல்லை, அரிசி இல்லை, கரையில் இறங்கவும் விடவில்லை. ‘ஒரு வேளைக் கஞ்சிதான் அம்மா. காய்ச்சலும் அடிக்கிறது’ என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

அம்மனின் அடியார்களே, நான் மல்லாங்கிணறு பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண். மிளகாயும் பருத்தியும் தெரியும், கடல் தெரியாது. என் பிள்ளைக்குக் கடலைக் காட்டியவர் என் கூடப்பிறந்த அண்ணன். தூத்துக்குடியில் அந்தக் கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு ஆபீசில் பெரிய குமாஸ்தா.

“சுதந்திரம் வந்தாச்சு தாயி. இனி வெள்ளக்காரன் கப்பலுக்கு இங்கன என்ன வேலை? சிவகாசி வெடியும் விருதுநகர் மிளகா வத்தலும் நம்ம கொடி பறக்கிற கப்பல்லதான் போகும். மருமகனை அனுப்பு, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

அந்த இடம் முதலில் அவருடைய மகனுக்குப் பேசியிருந்த இடம். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி என் மகனுக்கு விட்டுக்கொடுத்தார். தாய்மாமன் என்றால் இவரல்லவா என்று நான் உருகிப்போனேன். கோழி அடித்துக் குழம்பு வைத்துப் போட்டேன். அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தவளும் நான்தான். கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கப்பல் நின்ற சேதி கேட்டதும் என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்கு ஓடினார். அண்ணன் அவரை உள்ளே கூப்பிடவில்லை. “கம்பெனியே கவுந்துபோச்சு மாப்பிள்ளை, நான் என்னத்தச் செய்ய?” என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். என் அண்ணனா அப்படிச் செய்தார் என்று எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

மறுநாள் விருதுநகர் மாரியம்மன் சந்நிதியில் போய் நின்றேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். “கேட்டதைக் குடுத்துக் கெடுத்துட்டியே ஆத்தா! நீயும் என்னை ஏமாத்திட்டியா? பிள்ளையைக் கொண்டாந்து குடு. பங்குனியில உனக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்” என்று வாய்விட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது கண்ணை இருட்டியது. எங்கள் மிளகாயை வழக்கமாக வாங்கும் ராவுத்தரின் மண்டி பக்கத்தில்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் மண்டிக்குள் கால் வைப்பதில்லை. சரக்கு போடுவதெல்லாம் ஆண்கள் பாடு. அன்றைக்குத் தண்ணீர் கேட்டு நான் படியேறிவிட்டேன். ராவுத்தர் செம்பில் தண்ணீர் கொடுத்து விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். கப்பலின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறிப்போனது.

“உலகம் பூராவும் ஏவாரம் படுத்துக்கிடக்கு தங்கச்சி. சரக்கு கம்மி, கப்பல் சாஸ்தி. வெளிநாட்டுக்காரன் பாதிக் கூலிக்கு ஏத்துறான். அவன்கிட்ட அம்புட்டுக் கப்பல் இருக்கு, தாங்குவான். ஒண்ணு ரெண்டு கப்பல் வச்சிருக்க நம்மாளு எம்புட்டு நாளைக்குத் தாங்குவாரு? இது கப்பல் கிளம்புறதுக்கு முந்தியே துறைமுகத்துல தெரிஞ்ச சங்கதி. எனக்குச் சொன்னதே உங்க அண்ணன்தான். ‘இதுல வத்தல் மூட்டையை ஏத்தாதீக, வழியில நின்னாலும் நிக்கும்’னாரு.”

நான் அங்கிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

“மூட்டையை ஏத்தாதீகன்னு சொன்னவரு, என் பிள்ளையை ஏத்தி விட்டுட்டாரே!”

அண்ணன் மகனுக்கு வந்த நோய் என்ன என்று அப்போதுதான் விளங்கியது. ஆள் தருவதாக ஆபீசில் சொல்லியாயிற்று, யாராவது போயாக வேண்டும். தன் பிள்ளையை இறக்கிக்கொண்டு என் பிள்ளையை ஏற்றிவிட்டார். அதற்கு நான் கோழிக்குழம்பும் வைத்தேன்!

ராவுத்தர் அன்றைக்கே பினாங்கில் கடை வைத்திருக்கும் தன் தம்பிக்குத் தந்தி கொடுத்தார். அந்தப் புண்ணியவான் படகு பிடித்துப் போய், அதிகாரிகளிடம் தானே ஜாமீன் நின்று, என் மகனைக் கரையிறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தை மாதம் நாகப்பட்டினம் வரும் கப்பலில் ஏற்றிவிட்டார். எலும்பும் தோலுமாக வந்து இறங்கினான். ஆனால் உயிரோடு வந்தான்.

பங்குனியில் அக்கினிச்சட்டி எடுத்தேன். அன்றைக்கு அண்ணனும் வந்திருந்தார். “தெரியாம நடந்துபோச்சு தாயி” என்றார். அம்மனின் வாசலில் நின்றுகொண்டு அப்போதும் பொய்! அவரை மன்னித்துவிட்டேன் என்று நானும் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த ரணம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அன்றோடு நான் வேண்டுகிற விதம் மாறிவிட்டது. இன்னதைக் கொடு என்று கேட்பதில்லை. நல்லது எதுவோ அதைச் செய் தாயே என்பதோடு சரி. என்றைக்கும் ஏறாத படியில் என்னை ஏற்றியவள் அவள்தான். உங்களையும் சொந்தம் கைவிட்டிருந்தால் அவளிடம் போங்கள். திட்டிக்கூடக் கூப்பிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் அனுப்புகிற ஆள் நீங்கள் நினைத்த ஆளாக இருக்க மாட்டார், அவ்வளவுதான்.

முருகேசனுக்குக் கல்யாணம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரம். என் அண்ணன் கையில் மாலையோடு முன்வரிசையில் நின்றார். தாய்மாமன் வரலாம் என்று பெரியவர்கள் கூப்பிட்டார்கள். நான் அவரைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ராவுத்தரின் முன்னால் நின்றேன்.

“எந்திரிச்சு வாங்க அண்ணே. உங்க மருமகனுக்கு மாலை போடுங்க” என்றேன்.