நிமிர்த்தி வைத்த வள்ளம்

என் கணவரின் தமையனார், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து ஒரு பழைய படகு வாங்கினார். அதன் பின்பக்கத்தில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, ஒரு கட்டில் அகலத்தில் ஒரு தட்டு இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். குளிப்பதற்கு என்றார். அந்த நாட்டுக்காரர்கள் நடுக்கடலில் படகை நிறுத்திவிட்டுத் தட்டிலிருந்து குதிப்பார்களாம், பிறகு அதிலேயே ஏறியிருந்து தலை துவட்டுவார்களாம். நடுக்கடலில் போய்க் குளிக்கிற அளவுக்கு அவர்களுக்கு வீட்டில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை.

நான் கண்டாவளையில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். தண்ணீர் என்றால் எனக்கு வாய்க்காலில் முழங்கால் மட்டும்தான். கலியாணம் முடித்து முல்லைத்தீவுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. இன்றைக்கும் குசினியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சமைக்கிறேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அத்தான் படகில் வேலைக்குச் சேர்த்தார். ஊர் பார்க்க வருகிற குடும்பங்களைக் கடலில் சுற்றிக் காட்டுவது அவருடைய திட்டம். சுக்கான் அவர் பிடிப்பார், மற்ற எல்லா வேலையும் என் கணவர்.

"பொம்பிளையள், பிள்ளையள் எல்லாம் வருவினம். நீங்கள் ஒராள் நிண்டால் அதுகளுக்கு ஒரு துணிவு, தங்கச்சி," என்றார்.

ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளியைப் பார்த்துத் துணிவு கொடுக்கச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். சரியென்றேன். என் கணவருக்கு அந்த வேலையில் அவ்வளவு ஆசை.

படகின் அடி ஆழமானது, கரைக்கு வராது. ஆட்களைக் கரையில் இறக்க ஒரு சின்ன வள்ளம் வேண்டும். எட்டடி நீளத்தில் பைபர் வள்ளம் ஒன்று எடுத்தார்கள். முதலில் அதைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். அது கட்டாக்காலி மாடு போல அங்குமிங்கும் ஓடிவந்து படகை இடித்தது. அதனால் குளிக்கிற தட்டின் மேலேயே ஏற்றி வைப்பது என்று முடிவாயிற்று. என் கணவர் இரண்டு மரக்கட்டைகளை வள்ளத்தின் வயிற்றுக்கு அளவாகச் செதுக்கி, பழைய கம்பளத் துண்டைச் சுற்றி, தட்டில் திருகாணி போட்டு முறுக்கினார். அத்தான் பார்த்துவிட்டு, நல்ல வேலை, ஆனால் வள்ளத்தைக் கவிழ்த்துத்தான் வைக்கவேண்டும் என்றார்.

"கவிட்டு வைச்சால்தான் தண்ணி நிக்காது. விளங்குதோ?"

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கணவரிடம், "அதைக் கவிட்டு வைச்சால் நான் படகில ஏறமாட்டன்," என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் அண்ணா எங்கள் ஊர்க் குளத்தில் மீன்பிடிக்கப் போய் வள்ளம் கவிழ்ந்து இறந்துபோனார். அவருக்குப் பதினாறு வயது. செய்தி கேட்டதும் ஊரே குளக்கட்டில் கூடிவிட்டது. நடுக்குளத்தில் வள்ளம் கவிழ்ந்து மிதந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் கம்பும் வலையுமாகச் சுற்றியுள்ள இடமெல்லாம் தேடினார்கள். வள்ளத்தை ஒருவரும் தொடவில்லை. பொழுதுபடும் நேரம் அதைக் கரைக்கு இழுத்துப் புரட்டினார்கள். அண்ணா அதற்குக் கீழேதான் இருந்தார். குறுக்குப் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். உள்ளே காற்று இருந்திருக்கும், பெடியன் கனநேரம் உயிரோடு இருந்திருப்பான் என்று யாரோ ஒருவர் என் அம்மாவின் காதுபடவே சொன்னார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. பின்னேரம் முழுவதும் அந்த வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

அன்றிலிருந்து கவிழ்ந்த வள்ளத்தின் பக்கமே நான் போவதில்லை. கடற்கரையில் வர்ணம் பூசுவதற்காகக் கவிழ்த்து வைத்திருந்தாலும் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போவேன். அப்படியிருக்க, அதுபோல ஒன்றை எங்கள் படகிலேயே ஏற்றிக்கொண்டு திரிவதா?

என் கணவர் தமையனிடம் போய், கவிழ்த்து வைத்தால் ஏற்றி இறக்கக் கரைச்சல், நிமிர்த்தி வைத்தாலும் அடியில் அடைப்பைக் கழற்றினால் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறதுதானே என்று ஏதோ சமாளித்தார். அத்தான் முகத்தைச் சுளித்துவிட்டு விட்டுவிட்டார். ஓட்டை என் சுண்டுவிரல் பருமன். எனக்கு அது போதும்போலத்தான் இருந்தது.

ஆட்களை ஏற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் ஒத்திகை பார்க்கப் போனோம். உயிர்காப்பு அங்கியை நான் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டேன். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். களப்பு கடலோடு சேருகிற வாயைத் தாண்டியதும் படகு தூக்கிப் போட ஆரம்பித்தது. நான் கம்பியைப் பிடித்தபடி கந்தசஷ்டி கவசத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கரையில் பனைகள் ஈர்க்குச்சியளவு ஆனபோது படகை நிறுத்தினார்கள். வள்ளத்தை இறக்கி, என் கணவர் ஒரு சுற்றுத் துடுப்பு வலித்துக் காட்டிவிட்டுத் திரும்பத் தட்டில் ஏற்றினார். ஒரு பக்கம் பட்டியும் மறுபக்கம் நைலோன் கயிறுமாக இறுக்கிக் கட்டினார். எல்லாம் சரிவந்தது. எனக்கே கொஞ்சம் பயம் தெளிந்து, போத்தலைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

கரைக்குத் திரும்பும்போது பின்னேரக் காற்று எழும்பிவிட்டது. கடலிலிருந்து கரைக்கு வீசுகிற காற்று. போகும்போது முன்னால் வந்த அலை இப்போது பின்னால் வந்தது. ஒவ்வொரு அலையும் தட்டில் ஏறி வள்ளத்துக்குள் விழுந்தது. முதலில் வாளியளவு. பிறகு அண்டாவளவு. நான் பின்பக்கம் பார்த்தபடி இருந்ததால் எல்லாவற்றையும் கண்டேன். வள்ளத்தில் தண்ணீர் ஏற ஏற படகின் பின்பக்கம் அமிழ்ந்தது. அமிழ அமிழ அடுத்த அலைக்கு இன்னும் வசதியாகிவிட்டது. சுண்டுவிரல் ஓட்டை என்ன செய்யும்? கணவரின் சேட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "அண்ணை, வள்ளம் நிரம்பிட்டுது! வேகத்தைக் குறையுங்கோ!"

"குறைச்சால் பின்னுக்கு இன்னும் தாழுமடா! அவிட்டு விடு அதை!"

என் கணவர் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பலகையைத் தாண்டித் தட்டில் கால் வைத்தார். அங்கி போடவில்லை. கடற்கரை ஆம்பிளைகள் அதெல்லாம் போடமாட்டார்கள், மரியாதைக் குறைவு.

"போகாதேங்கோ," என்றேன்.

"நீர் பயப்பிடாதையும். ரெண்டு நிமிச வேலை," என்றார்.

பட்டி உடனே கழன்றது. கயிறு நனைந்து இறுகிக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று அறுத்தார். அறுந்த கணம் ஒரு அலை வந்தது. வள்ளம் கட்டையை விட்டுச் சரிந்து, தண்ணீரைக் கொட்டிக்கொண்டே புரண்டு விழுந்தது. படகு பாரம் விட்டு முன்னால் பாய்ந்தது. நான் விழுந்து எழும்பிப் பார்த்தேன். தட்டில் ஆள் இல்லை. தூரத்தில் வள்ளத்தின் வெள்ளை அடி மட்டும் தெரிந்தது.

அதே காட்சி. அன்றைக்குக் குளக்கட்டில் நின்ற பத்து வயதுப் பிள்ளையாகவே நான் ஆகிவிட்டேன். கை கால் அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பே இல்லை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது.

அத்தான் படகைத் திருப்பினார். "தம்பி! தம்பி!" என்று கத்திக்கொண்டு வள்ளத்தைச் சுற்றி வந்தார். தலை எங்கும் தெரியவில்லை.

"நீரோட்டம் இழுத்துக்கொண்டு போட்டுது போல. தங்கச்சி, அந்தப் பக்கம் பாருங்கோ. நான் இன்னும் கொஞ்சம் பெரிசாச் சுத்திறன்."

எல்லோரும் இப்படித்தான் சுற்றித் தேடினார்கள். அந்த நினைப்பு வந்ததும் என் வாய் திறந்துவிட்டது.

"நிப்பாட்டுங்கோ! வள்ளத்துக்குக் கீழ பாருங்கோ!"

"அங்க இருந்தால் வெளியில வந்திருப்பானே!"

மரியாதை பார்க்க நேரமில்லை. அவரைத் தள்ளிவிட்டு எஞ்சின் திறப்பைத் திருப்பி எடுத்துவிட்டேன். எஞ்சின் நின்றது. காற்றும் தண்ணீரும் மட்டும் கேட்டன. பிறகு வள்ளத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக், டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக்.

அத்தான் போட்டிருந்த உடுப்போடு குதித்தார். வள்ளத்துக்குக் கீழே போனவர் வெளியே வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. திறப்பைக் கைக்குள் வைத்து இறுக்கியதில் உள்ளங்கை வெட்டுப்பட்டதும் தெரியாது. இரண்டு தலைகளும் ஒன்றாக மேலே வந்தன. என் கணவரின் கணுக்காலில் நைலோன் கயிறு சுற்றியிருந்தது. மறுநுனி வள்ளத்தின் குறுக்குப் பலகையில் சிக்கியிருந்ததை அத்தான் கீழேயே அறுத்துவிட்டிருந்தார். உள்ளே குனிந்து அறுக்க மூச்சுப் போதாமல், என் கணவர் ஒரு சாண் காற்றில் மூக்கை வைத்துக்கொண்டு கத்திப்பிடியால் தட்டியிருக்கிறார். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அண்ணாவும் தட்டித்தான் இருப்பார்.

இருவரையும் தட்டின் மேலே இழுத்து ஏற்றினேன். அந்தத் தட்டு இல்லாவிட்டால் என்னால் முடிந்திராது. என் கணவர் உப்புத் தண்ணீராகச் சத்தி எடுத்தார். மூச்சு வந்ததும் அத்தான் அவரைப் பிடித்து உலுக்கினார்.

"உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ, கவிட்டு வையெண்டு! ஏன்ரா வைக்கேல்ல?"

"என்ர பிழைதான் அண்ணை. யோசிக்கேல்ல."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். கடலைவிட எனக்கு அந்த நேரம் அத்தானின் முகம்தான் பயமாக இருந்தது.

"அவரை ஏசாதேங்கோ அத்தான். நான்தான் கவிட்டு வைக்க விடேல்ல," என்றேன். என் அண்ணாவின் கதையையும் சொன்னேன். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் கணவரைத் தவிர வேறொருவருக்கும் அதைச் சொன்னதில்லை.

அவர் என்னை ஏசவில்லை. பிறகு மெதுவாக, "நான் இன்னொருக்காச் சுத்தப் போனனான், தங்கச்சி. இந்த எஞ்சினோட. அவன்ர தலைக்கு மேலால," என்றார். முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். பிறகு வள்ளத்தை நிமிர்த்திக் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தோம்.

இரண்டு கிழமை ஒருவரும் படகுக் கதை எடுக்கவில்லை. பிறகு என் கணவர் புதுக்குடியிருப்புக்குப் போய் இரண்டு இரும்புக் கொளுக்கிகள் செய்வித்துக்கொண்டு வந்தார். வள்ளத்தின் ஒரு விளிம்பைத் தட்டோடு கொளுவி, மறு விளிம்பை மேலே இழுத்து, படகின் பின்பலகையை ஒட்டி நிறுத்திவிடலாம் என்றார். கதவு சாத்தியது போல நிற்கும்.

"நிமித்தியும் இல்லை, கவிட்டும் இல்லை. தண்ணியும் நிக்காது, கயிறும் வேண்டாம். வள்ளத்தின்ர உள்பக்கத்தை வெளியில பாக்க வைக்கிறன். உமக்கு உள்ளுக்க எல்லாம் தெரியும்."

இப்போது ஆட்கள் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கி மாட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று நடுங்குகிற குரலில் சொல்வது என் வேலை. பிள்ளைகள் நம்புகிறார்கள். என் பயம் ஒரு துளியும் குறையவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் இறங்குதுறையில் பின்பக்கமாகப் போய், வள்ளத்தின் உள்பக்கத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பார்ப்பேன். அதுவரை என் கணவர் அத்தானை எஞ்சினைத் தொட விடமாட்டார்.

"பாத்திட்டீரோ?" என்று கேட்பார்.

"ஓம். ஒருத்தரும் இல்லை," என்பேன்.

வந்திருப்பவர்கள் சிலவேளை சிரிப்பார்கள். அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை. உள்ளேயிருந்து தட்டியவர் அவர்.