அவர் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை

தேவேந்திரன் இறந்த செய்தி என்னை வந்தடைய ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் அவரிடமிருந்து இரண்டடி தள்ளிப் படுத்திருந்தேன்.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஜமால் அண்ணன். சொன்ன வாசகம் இது: “சரி தம்பி, நான் தோத்துட்டேன். எல்லாருக்கும் டீ நான் வாங்கித் தரேன். எழுந்திரு லா.”

தேவா எழுந்திருக்கவில்லை. நாங்கள் எழுந்தோம்.

ஞாயிறு காலை யோகா வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வகுப்பின் முடிவில் எல்லோரும் மல்லாந்து படுக்க வேண்டும். தேவாவும் எங்களோடு படுத்துவிடுவார். “மெதுவா, வலப்பக்கம் திரும்புங்க” என்று அவர் குரல் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. முதலில் எழுந்தவர் அனைவருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். கைப்பேசிகளெல்லாம் வாசலில் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள். அந்த ஆசனத்தின் பெயரை வைத்து நான் பல வருடங்களாகச் சிரிப்புக் காட்டியிருக்கிறேன். அத்தனையையும் இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தேவா சாமியார் இல்லை. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். முதுகு போய் ஆறு மாதம் படுத்திருந்த காலத்தில் யோகா கற்றுக்கொண்டு, தேறிய பிறகு விடாமல் செய்தவர். ஞாயிறுதோறும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறித் தீவுக்கு வருவார். சூலியா தெருவை ஒட்டிய சந்தில், ஜமால் அண்ணனின் நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. “மந்திரம் கிந்திரம் ஒண்ணும் கூடாது தம்பி” என்ற நிபந்தனையோடுதான் அண்ணன் இடம் கொடுத்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே” என்றார் தேவா. உண்மையைத்தான் சொன்னார். பலகைத் தரைக்குச் சேதம் வருகிறதா என்று பார்க்க முதல் வாரம் மேலே வந்த அண்ணன், அதன் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை.

நான் போனது மருத்துவர் சொல்லி. அதற்கு முந்தைய ஆண்டு, பாய்விரித்துப் பரமனைத் தேடுகிறவர்களைக் கிண்டல் செய்து பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். தேவா அதைப் படித்திருந்தார். “நல்லா சிரிச்சேண்ணே. ஆனா எழுதறப்போ நீங்க முதுகப் பிடிச்சிக்கிட்டுத்தான் எழுதியிருப்பீங்க” என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே துல்லியமானது அதுதான்.

அவரிடம் கடிகாரம் இல்லை. ஆனால் படுக்கை சரியாக ஏழு நிமிடம். ஒரு வாரம் நான் கைக்கடிகாரத்தைச் சட்டைக்குள் மறைத்து வைத்துப் பார்த்தேன். அடுத்த வாரமும் பார்த்தேன். ஏழு. மூன்றாம் வாரம் பிடிபட்டு, தேநீரும் வாங்கிக் கொடுத்து, ரகசியத்தைக் கேட்டேன். “என்னாண்ணே ரகசியம்? வேலையில ஏழு நிமிஷத்துக்கு ஒரு பேலட் சரக்கு வரும். இருபத்திரண்டு வருஷமா தூக்கறேன். உடம்புக்குத் தெரியாதா?” என்றார். குண்டலினி பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

கண்ணை மூடினால் நீல ஒளி தெரிகிறது என்று வகுப்புக்கு வந்த ஓர் அம்மா உருகிச் சொன்னார். நாங்கள் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தோம். தேவா கவலையோடு, “முதல்ல கண் டாக்டரைப் பாருங்கக்கா” என்றார். பார்த்தார். கண்ணில் அழுத்தம் கூடியிருந்தது. இப்போது சொட்டு மருந்து விடுகிறார். ஒளி போய்விட்டது, பார்வை இருக்கிறது.

எனக்கோ ஒளியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நாலு வருடம் படுத்து எழுந்தேன், முதுகு சரியானது, அவ்வளவுதான். ஒருநாள் தேநீர்க் கடையில் கேட்டேவிட்டேன். “உனக்கு உண்மையிலேயே ஏதாச்சும் தெரியுதா தேவா? கதை விடாம சொல்லு.”

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் வரப்போ பீப் பீப்னு கத்தும்ல? வாரத்துல ஆறு நாளும் அது மண்டைக்குள்ள கத்திக்கிட்டே இருக்கும். இங்க வந்து படுத்தா நிக்குது. நின்ன இடத்துல யாரோ இருக்கற மாதிரி இருக்கு. யாருன்னு நான் கேக்கல.”

“கேட்டா என்னா?”

“கேட்டா மறுபடி சத்தம் ஆரம்பிச்சிரும்ணே. நீங்க கேட்டுக்கிட்டே படுக்கறீங்க, அதான் கோளாறு.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஏழு நிமிடம் கடந்ததை நான் உணர்ந்தேன். நாலு வருடத்தில் என் உடம்பும் கற்றிருந்தது. குரல் வரவில்லை. இன்று கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார் போலும் என்று நினைத்தேன். ஜமால் அண்ணன், தம்பி நம்மைச் சோதிக்கிறான் என்று நினைத்தாராம். எங்களோடு படுத்திருந்த விமலா அக்கா, பாவம், தேவா ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்திருக்கிறார், தூங்கட்டும் என்று நினைத்தாராம். ஒருவர் பயந்திருந்தாலும் போதும், எழுந்து பார்த்திருப்போம். எல்லோரும் நல்ல எண்ணத்தோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

அப்போது எனக்கு அது நடந்தது. வாக்கியம் அமைத்துக்கொண்டே இருக்கும் என் தலை நின்றது. கீழே மோட்டார் சைக்கிள் போனது, போகட்டும் என்று இருந்தது. நின்ற இடத்தில் யாரோ இருந்தார்கள். நான் கேட்கவில்லை. நன்றாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக, நான் தனியாக இல்லை என்று தோன்றியது. எழுந்ததும் தேவாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கவில்லை.

பிறகு தகரத்துக்குள் ஒரு கைப்பேசி அதிர்ந்தது. கடை திறக்கும் நேரமாகிவிட்டதென்று கீழிருந்து ஊழியர் அழைத்தார். ஜமால் அண்ணன் எழுந்தார். மீதியைச் சொல்லிவிட்டேன்.

இதயம் ஒரே நொடியில் நின்றிருக்கிறது, உடனே பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றார் மருத்துவர். விமலா அக்கா ஓய்வுபெற்ற தாதி. “ஆஸ்பத்திரியில எத்தனை பேருகிட்ட இதே வார்த்தைய நான் சொல்லியிருப்பேன்” என்றார். “முப்பது வருஷம் வார்டுல நின்னவ. ரெண்டு பாய் தள்ளிப் படுத்திருந்தேன்.” தேவாவுக்கு நாற்பத்தொன்பது வயது. எங்களில் மாத்திரை சாப்பிடாதவர் அவர் ஒருவர்தான்.

கருமக்கிரியை முடிந்தபின் அவர் மனைவி கோமதி கேட்டார்: “கடைசியா என்னாண்ணே சொன்னாரு?”

“கண்ணை மூடுங்க, நான் சொல்றவரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னாரும்மா.”

“வீட்லயும் அதத்தான் சொல்வாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கப் போறப்போ” என்றார். சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது.

மறைத்துவிட முடியும் என்றுதான் போயிருந்தேன். முடியவில்லை. உங்கள் கணவர் செத்துக் கிடந்த நேரத்தில் பக்கத்தில் படுத்திருந்த எனக்கு வாழ்நாளில் கிடைக்காத நிம்மதி கிடைத்தது என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு நாகரிகமான வழி இல்லை. அப்படியே சொன்னேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

கோமதி கேட்டார்: “அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்குமாண்ணே?”

“தெரியலம்மா.”

“தெரியும்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்” என்றார். எனக்குக் காப்பி வந்தது.

அடுத்த ஞாயிறு மூன்றே பேர் வந்தோம். எல்லாம் செய்து முடித்து, கடைசியில் படுத்தோம். கண்ணை யாரும் மூடவில்லை. அடுத்தவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கிடந்தோம். யோக சாஸ்திரத்தில் இதற்கு இடமில்லை. விமலா அக்கா என்னைப் பார்த்தார், நான் ஜமால் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் அந்தக் காலிப் பாயைப் பார்த்தார். ஏழாவது நிமிடம் எனக்குத் தெரிந்தது. யாராவது சொல்ல வேண்டும். “மெதுவா” என்று விமலா அக்கா தொடங்கினார், அதற்குமேல் அவருக்கு வரவில்லை. “வலப்பக்கம் திரும்புங்க” என்று நான் முடித்தேன்.

தேவேந்திரனிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஏழு நிமிடத்தை அறியும் ஓர் உடம்பு. அதற்குப் பிந்தைய பதினெட்டு நிமிடம். முதலாவது அவர் கற்றுக்கொடுத்தது. இரண்டாவதை அவர் தந்தாரா, நான் எடுத்துக்கொண்டேனா என்று இன்னும் தெரியவில்லை. படுக்கும்போது அதை மட்டும் கேட்காமல் இருக்கப் பழகுகிறேன்.