முன்வயலைக் கேட்டாச்சா?

பாபநாசம் கடைவீதியில் உரக்கடைக்கு மேலே, மாடியில், 'கைகாட்டி மென்பொருள் நிறுவனம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. எழுதியவருக்கு இடம் போதவில்லை. 'நிறுவனம்' மட்டும் ஓரத்தில் ஒடுங்கி, கும்பகோணம் பஸ்ஸில் கடைசியாக ஏறியவன் படியில் தொற்றிக்கொண்டு வருவதுபோல இருக்கும். உள்ளே இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, கீழேயிருந்து ஏறிவரும் உர வாடை.

நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். ஒருத்தி ஜெனிட்டா. இன்னொருத்தி ஹுமைரா, கல்லூரித் தோழி. கூத்தாநல்லூரில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். திறப்புவிழா அன்றைக்கு வந்ததோடு சரி. அவளுக்காக வாங்கிப்போட்ட மேசையில் ஜெனிட்டாவின் ஹெல்மெட் உட்கார்ந்திருக்கிறது.

ஜெனிட்டாவுக்கு முப்பது வயது. சென்னையில் ஏழு வருஷம், எங்கோ ஒரு தேசத்துக் கிடங்கில் எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கிடங்கை அவள் பார்த்ததில்லை. முந்தின வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, ஒரே அண்டாவை இரண்டு கல்யாணத்துக்கு வாடகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, வாசலில் நின்ற இரண்டு மாமன்களுக்கும் நடுவில் பாத்திரக்கடைக்காரர் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். இந்தக் கடைகளுக்கெல்லாம் முன்பதிவுச் செயலி எழுதித் தரலாம் என்று அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாள்.

ஊரில் எல்லாரும் நல்லவர்கள். தையல்கடை, பாத்திரக்கடை, பந்தல்காரர், போட்டோ ஸ்டுடியோ என்று போன இடத்திலெல்லாம் நாற்காலி போட்டார்கள், டீ வாங்கித் தந்தார்கள், முழுசாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு "பாப்போம்மா" என்றார்கள். ஒன்பது மாதத்தில் அவள் குடித்த டீயில் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கும்.

முதல் வாடிக்கையாளர் கிடைத்ததற்குக் காரணம் அவளுடைய திறமை இல்லை, பஞ்சநதத்தின் தொண்டை.

பஞ்சநதம் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். மூன்று பெல்ட் வண்டி வைத்திருக்கிறார். தை பிறந்துவிட்டால் அவருடைய இரண்டு போனும் ஆறுவதே இல்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து டாக்டர், "குரல்நாண் வீங்கியிருக்கு, மூணு மாசம் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். "அறுப்பு முடியட்டும் சார்" என்று பஞ்சநதம் கெஞ்சிப் பார்த்தார். பொங்கல் வரைக்கும் கரகரத்துக்கொண்டாவது பேசிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கூடாது என்று முடிவானது. அன்று சாயங்காலமே மாடிப்படி ஏறி வந்தார்.

"பாப்பா, எனக்குப் பதிலா பேசுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்க முடியுமா?"

மார்கழியில் ஒரு வாரம் ஜெனிட்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த அழைப்புகளையெல்லாம் கேட்டுக் குறித்தாள். ஒவ்வொன்றும் நாலு நிமிஷம் ஓடியது. பேர், ஊர், எத்தனை மா நிலம், தரை ஈரமா காய்ச்சலா, என்றைக்கு அறுப்பு, இதற்கெல்லாம் நாற்பது நொடி போதும். மிச்சமெல்லாம் இப்படித்தான்:

"சரிய்யா, முன்னால பூவம்மாள் எப்படி இருக்கு? போய்ப் பாத்தியா? மருமவன் ஊருக்குப் போயிட்டானா? அதுக்கு என்ன நெல்லு இந்த வருஷம், பொன்மணியா? ஓகோ, இன்னும் பச்சையாவா நிக்கிது..."

ஜெனிட்டா இந்தப் பகுதியைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, 'ஊர்க்கதை: 3 நிமிஷம் 20 நொடி' என்று எழுதினாள். செயலியில் அதற்கு இடமில்லை. விவசாயி போனைத் திறந்து ஐந்து கேள்விக்குப் பதில் அமுக்கினால் தேதியும் நேரமும் விழுந்துவிடும்; வண்டி ஓட்டுபவர் போனில் வயல் இருக்கும் இடம் சிவப்புப் புள்ளியாக வந்து நிற்கும்.

"நாலு நிமிஷத்த நாப்பது செகண்டாக்கிட்டோம்டி!" என்று ஹுமைரா போனிலேயே துள்ளினாள்.

முதல் பத்து நாள் எல்லாம் வெண்ணெயாகப் போயிற்று. ரோட்டோரத்து வயல்கள்தான் முதலில் பழுத்திருந்தன. பஞ்சநதம் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பேசாமல், ராஜா மாதிரி ஈசிச்சேரில் கிடந்தார்.

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து பழைய நிறுவனம் கடிதம் அனுப்பியது. பழைய இருக்கை, கொஞ்சம் பெரிய பதவி. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் வேண்டும். ஜெனிட்டா கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. கையிருப்பு மாசியைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை மெஷின்காரர்கள் சங்கக் கூட்டம். பஞ்சநதம் செயலாளர். அவர் 'நல்லாருக்குய்யா' என்று தலையாட்டினால் சங்கத்துப் பதினாலு பேரும் செயலிக்கு வருவார்கள். தலையாட்டாவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு ரயிலேற வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வண்டி ஓட்டும் பிரபு கூப்பிட்டான். ஆத்தூர்க்காரன், சிரித்தபடியே குண்டு போடுவான்.

"மேடம், உங்க ஆப்பு என்னைப் பறந்து போகச் சொல்லுதுங்க."

"என்ன ஆச்சு பிரபு?"

"வயலு கண்ணுக்குத் தெரியுது. நடுவுல இன்னொருத்தங்க பயிர் நிக்குது. வண்டிக்கு றெக்கை கட்டி வுட்டீங்கன்னா இறங்கிடுவேன்."

ஜெனிட்டா ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு, பந்திக்கு வந்து இலை கிடைக்காத ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. ரோட்டை ஒட்டி ஆறு மா வயல், பெரும்பாலும் பச்சை. அதற்குப் பின்னால் சிவப்புப் புள்ளி விழுந்த வயல். நன்றாகப் பழுத்து, பாதி சாய்ந்து கிடந்தது. அதற்கும் பின்னால் வாய்க்கால். வேறு வழி இல்லை.

பின்வயல் இளஞ்செழியனுடையது. சிங்கப்பூரிலிருந்து திரும்பி மூன்று வருஷமாக விவசாயம் பார்க்கிறவன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றான்.

"சனிக்கிழமை மழைங்கிறான். இன்னிக்கு அறுக்கலன்னா நெல்லு வயல்லயே மொளச்சிடும்ங்க."

"முன்வயல்ல வழி கேட்டீங்களா?" என்றாள் ஜெனிட்டா.

"எப்பவும் பஞ்சநதம் அண்ணன் போன்ல கேப்பாரு, பூவம்மாளப் போய்ப் பாத்தியான்னு. அப்பதான் ஞாபகம் வந்து ஓடுவேன். இந்தத் தடவை ஆப்பு ஒண்ணும் கேக்கலயே. அதுவே பாத்துக்கும்னு நெனச்சிட்டேன்."

சிவப்பு மைக் கோடு அவள் கண்ணுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தது. ஊர்க்கதை, மூன்று நிமிஷம் இருபது நொடி.

அதற்குள் பஞ்சநதம் பைக்கில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. அவளிடம் வந்து வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஜெனிட்டா காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்தாள்.

"என்னண்ணே? கேக்கலண்ணே."

"திட்டுறேன்!" என்றார் அவர் கிசுகிசுப்பாக.

பிரபு திரும்பி நின்று மெஷினின் பெல்ட்டைத் துடைக்க ஆரம்பித்தான். அவன் முதுகு குலுங்கியது.

பஞ்சநதம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்: 'மதியத்துக்குள்ள வண்டி இறங்கணும். இல்லன்னா எனக்குப் பழைய நோட்டே போதும்.' பிரபு நாளைக்கு விடியும்போது அய்யம்பேட்டையில் இருக்க வேண்டும்.

பூவம்மாளின் வீடு ரோட்டுக்கு எதிர்ப்புறம். காலையிலிருந்து வாசலில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாடு எப்போதோ குடித்து முடித்துவிட்டது.

"அம்மா, என் பேரு ஜெனிட்டா. கைகாட்டி..."

"தெரியும். ஊரையெல்லாம் போன்ல கேள்வி கேக்குற பொண்ணு. எங்கிட்டதான் ஒரு கேள்வியும் வரல."

"இப்ப கேக்கத்தாம்மா வந்தேன். வண்டிக்குக் கொஞ்சம் வழி..."

"நீ ஏன் கேக்குற? அந்த வயலு உன்னுதா?"

பூவம்மாள் பார்வை ஜெனிட்டாவைத் தாண்டிப் பின்னால் போனது. ஜெனிட்டாவும் திரும்பினாள். ரோட்டில் மைல்கல் மாதிரி நின்றிருந்த இளஞ்செழியனைக் கையைக் காட்டி அழைத்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வந்தான்.

"வாங்க சார்வாள், எங்க வீட்டு வாசல் ஞாபகம் இருக்கா?"

"அக்கா, வழி வேணும்க்கா."

"ரோட்டத் தாண்டவும் சிங்கப்பூர் மாதிரி விசா வாங்கணுமோ?"

"தப்புதான்க்கா. போனு பாத்துக்கும்னு இருந்துட்டேன்."

"போனு வந்து எம் பயிர் பச்சையா பழுப்பான்னு பாக்குமா?" பூவம்மாள் வாளியைக் கீழே வைத்தார். "கிழக்கு வரப்போரம் மேட்டு நெலம். அங்க நாலு நாள் முன்னாலயே பழுத்தாச்சு. நேத்து வந்து கேட்டிருந்தா இந்நேரம் உன் நெல்லு மூட்டையில இருக்கும்." பிறகு ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா ஆத்தூராரே! வண்டி அகலத்துக்கு மேல ஒரு சாண் உள்ள போச்சு, அப்புறம் பாரு!"

"நீங்க முன்னாடி நடங்கம்மா, நான் பின்னாடியே வர்றேன்" என்றான் பிரபு.

அப்படியேதான் நடந்தது. பூவம்மாள் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். அவர் நடைக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அத்தனை பெரிய இரும்பு, பழுத்த ஓரத்தை மட்டும் மென்றபடி, பழகின பசு மாதிரி பின்னால் போயிற்று. கொக்குகள் இரண்டு பக்கமும் வந்து இறங்கின. பதினொன்றரைக்கு வண்டி பின்வயலில் இறங்கிவிட்டது. பஞ்சநதம் பைக்கை உதைத்துக் கிளம்பினார். உள்ளங்கையில் எழுதியதை அழிக்கவில்லை.

மதியம் மாடியில் ஹுமைராவுக்கு நடந்ததெல்லாம் சொன்னாள் ஜெனிட்டா.

"அவ்வளவுதானே? ஆறாவது கேள்வி வைப்போம்: வண்டி யார் வயல் வழியா வரணும்? பேரக் குடுத்தா அவங்களுக்குத் தானா மெசேஜ் போயிடும். சம்மதம்னு அமுக்கினா வழி கிடைச்சுது. ரெண்டு செகண்டு."

"மெசேஜ் போச்சுன்னா அந்தம்மா ஜென்மத்துக்கும் வழி விடாது."

"அப்புறம் என்னதான்டி செய்யச் சொல்ற?"

"பின்வயல்காரருக்கு அனுப்புவோம். நேர்ல போய்க் கேளுங்கன்னு."

"ஆளை நடக்க விடுற ஆப்ப இப்பதான்டி பாக்குறேன்" என்றாள் ஹுமைரா. ஆனால் சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்தது. காத்திருந்த நாற்பத்து மூன்று பேரிடமும் ஆறாவது கேள்வி போனது. இன்னொருவர் வயலைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று பதினேழு பேர் பதில் சொன்னார்கள். அந்தப் பதினேழு பேருக்கும் ஒரே மாதிரி செய்தி: 'உங்கள் வயலுக்கு வண்டி இன்னார் வயல் வழியாக வர வேண்டும். இன்றே அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.' கீழே ஒரே ஒரு பொத்தான்: 'கேட்டாச்சு'. அதை அமுக்கினால்தான் தேதி விழும்.

மூன்று மணியிலிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கேட்டாச்சு. கேட்டாச்சு. ஒருவர் பொத்தானை அமுக்கியது போதாதென்று, 'டீயும் குடிச்சாச்சு' என்று தனியாக எழுதியிருந்தார். ஐந்து மணிக்குப் பதினாறு பேர். பதினேழாவது ஆள் மட்டும் அசையவில்லை. பெயரைப் பார்த்து ஜெனிட்டா நாற்காலியில் சாய்ந்தாள். பஞ்சநதத்திடம் கணக்கு எழுதுகிறவர் முதலாளி வயலையும் அறுப்புப் பட்டியலில் சேர்த்து, ஆறாவது கேள்விக்கும் பதில் நிரப்பியிருந்தார்.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். பஞ்சநதம் வந்து, ஹுமைராவின் மேசையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தார். போனை நீட்டினார். அவருடைய வயலுக்கு முன்வயல் அவர் மச்சானுடையது. இரண்டு பேருக்கும் தீபாவளியிலிருந்து பேச்சு இல்லை என்பது கடைவீதிக்கே தெரியும்.

"எனக்கே அனுப்புதே பாப்பா" என்றது காற்று.

"எல்லாருக்கும்தான் அனுப்புதுண்ணே."

"பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அத உன் மிஷினுக்குச் சொல்லு."

"தலையக் காட்டினாப் போதும்ணே. அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"ரெண்டு நாள் தள்ளிப் போட முடியாதா?"

ஜெனிட்டா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பதினைந்து. இவரைத்தான் நாளைக்குத் தலையாட்டச் சொல்ல வேண்டும். ஒரு பொத்தானை அவளே அமுக்கிவிடலாம்; யாருக்கும் தெரியாது.

"முடியாதுண்ணே" என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து படிவரைக்கும் போனவர் திரும்பினார்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். என்னால பேச முடியாது. நீ வந்து பேசு. பூவம்மாள் கதையிலேர்ந்து ஆரம்பி. அதத்தான் கேப்பானுங்க."

கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜெனிட்டா ஜன்னலுக்கு வந்தாள். அவர் வீட்டுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரம் இடதுபக்கம்தான் போனார். உரமூட்டை லாரிக்குப் பின்னால் நின்றார். பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விட்டுவிட்டு, வண்டியை வளைத்து வலதுபக்கத் தெருவுக்குள் நுழைந்தார். மச்சான் வீடு அந்தத் தெருக்கோடியில்.

சென்னைக்கு எழுத வேண்டிய பதிலைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வானம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கீழே உரக்கடைக்காரர் வெளியே கிடந்த மூட்டைகளை உள்ளே தள்ளச் சொல்லிக் கத்தினார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு போன் ஒரு தடவை அதிர்ந்தது.

பஞ்சநதம்: கேட்டாச்சு.

'அழைப்புக்கு நன்றி. இங்கே வேலை இருக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டு, ஜெனிட்டா ஹெல்மெட்டை எடுத்து அது எப்போதும் இருக்கும் மேசையிலேயே வைத்தாள். பிறகு யோசித்து, அதைத் தரையில் வைத்தாள். பதினாலு பேர் வரப் போகிறார்கள். ஹுமைராவை இனி நேரில் வரச் சொல்லித்தான் ஆக வேண்டும்.